விழாப் பாடல்களும் பகிர்வு மரபும்: மட்டக்களப்பு வாவிக்கரையை மையமாகக் கொண்ட ஒரு நோக்கு

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, சந்திவெளி ஆகிய ஊர்களைக் கடந்து கிரானை அடைகின்றது. நகருக்குத் தெற்கே கல்முனை வீதியில் அமைந்துள்ள கிரான்குளம் வேறு; கோறளைப்பற்றைச் சேர்ந்த இக்கிரான் வேறு. ஊருக்கு மேற்கே நீர்ப்பரப்பும், அதற்கப்பால் வயல்வெளிகளும் மேய்ச்சல் நிலங்களும் குடும்பிமலை வரை விரிந்து கிடக்கின்றன. மாரிகாலத்தில் வெள்ளம் பெருகி வீதியை மூடும்போது, மேற்கே புலிபாய்ந்தகல் முதலான ஊர்களுக்குச் செல்வோர்க்குப் படகே வழியாகின்றது. நீரும் நிலமும் மாறி மாறி ஆட்சி செய்யும் இத்தகைய ஊர்களில் உழைப்புக்குரிய காலமும் ஓய்வுக்குரிய காலமும் இயற்கையினாலேயே வகுக்கப்பட்டுள்ளன. அவ்வோய்வுக் காலத்தின் விளைச்சலே மட்டக்களப்புப் பிரதேசத்தின் விழாப் பாடல்கள் எனலாம்.

இப்பாடல்கள் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அவற்றின் பொருளையும் யாப்பையும் சமய உள்ளடக்கத்தையும் ஆராய்ந்துள்ளனர். அவை ஒருவரிடமிருந்து ஒருவருக்கும், ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கும், ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கும் எவ்வாறு சென்றன என்ற வினா அத்துணை விரிவாக ஆராயப்படவில்லை. விழாப் பாடல் தனியொருவரின் உடைமையாக இருந்ததில்லை. கொடுக்கப்படுவதனாலேயே அது நிலைத்தது. எனவே பகிர்வின் வரலாறே அப்பாடலின் வரலாறுமாகும். ஏடு, அச்சு, அரங்கு, ஒலிப்பதிவு, கணினி எனப் பகிர்வுக்குரிய ஊடகம் மாறிய ஒவ்வொரு வேளையிலும் பாடலின் ஒரு கூறு காக்கப்பட, மற்றொரு கூறு கைவிடப்பட்டது. எது காக்கப்பட்டது, எது கைவிடப்பட்டது என்பதை நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விழாக் காலமும் பாடலும்

இப்பிரதேசத்தின் பெரும்போக நெற்செய்கை ஐப்பசியை அண்டிய மழையோடு தொடங்கித் தை, மாசி, பங்குனி மாதங்களில் அறுவடையோடு நிறைவுறுவது. அதன் பின்னர் வரும் சித்திரையும் வைகாசியும் களஞ்சியம் நிறைந்திருக்கும் காலம். வயல் மனிதனின் கையை எதிர்பாராத காலம். சித்திரைப் புத்தாண்டும் வைகாசியில் நிகழும் கண்ணகி அம்மன் சடங்கும் இவ்விடைவெளியிலேயே அமைகின்றன. பாடலைப் பயிலவும், பாடவும், விடியும்வரை இருந்து கேட்கவும் மக்களுக்கு அவகாசம் கிடைத்தது இக்காலத்திலேயாகும்.

புத்தாண்டில் மரக்கிளைகளிற் கயிறு கட்டி ஊஞ்சலாடுதலும், போர்த்தேங்காய் அடித்தலும் மட்டக்களப்பு ஊர்களின் பழைய வழக்கங்கள். ஊஞ்சலில் அமர்ந்திருப்போர் ஓரடியைப் பாட, ஆட்டிவிடுவோரும் சூழ நிற்போரும் அடுத்த அடியை எடுப்பர். ஊஞ்சற் பாட்டின் தொன்மை தமிழிலக்கியத்தில் நன்கு பதிவாகியுள்ளது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அம்மானை, கந்துகவரி, ஊசல்வரி, வள்ளைப்பாட்டு ஆகியன இடம்பெறுகின்றன. மகளிர் பந்தாடும்போதும் ஊஞ்சலாடும்போதும் நெற்குற்றும்போதும் பாடிய பாடல்களின் வடிவங்களை இளங்கோவடிகள் காப்பியத்துட் கொண்டுவந்தார். பின்னர் மாணிக்கவாசகரும் அம்மானை, ஊசல் முதலிய வடிவங்களைப் பத்திப் பாடலுக்கு உரியனவாக்கினார். மக்கள் புலவர்க்குக் கொடுத்தனர். புலவர் அதனை வளம்படுத்தி மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தனர். எந்தக் காப்பியம் ஊசல்வரியைத் தன்னுட் கொண்டதோ, அக்காப்பியத் தலைவியே மட்டக்களப்பு ஊர்களில் தெய்வமாக வழிபடப்படுகின்றாள் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு ஆண்டில் ஒருமுறை, வைகாசிச் சடங்கின்பொருட்டுத் திறக்கப்படும் வழக்கம் இப்பிரதேசத்தில் உண்டு. கதவு திறத்தல், கலியாணக்கால் நடுதல் முதலிய கிரியைகள் நிகழும் நாட்களில் கண்ணகி வழக்குரை காதை காதையாகப் பாடப்படும். இறுதியில் அம்மனின் சினத்தைத் தணிவிக்கும் குளிர்த்திப் பாடல் பாடப்பெற்றுச் சடங்கு நிறைவுறும். பேச்சு வழக்கில் ‘குளுத்தி’ என வழங்கும் அவ்வேளையில் ஊர் முழுவதும் கோயில் முன்றலிற் கூடும். ஆண்டில் ஒருமுறை மட்டும் கேட்கக் கிடைக்கும் பாடலின் ஒவ்வோர் அடிக்கும் அடுத்த வைகாசிவரை நினைவில் நிற்க வேண்டிய பொறுப்பு இருந்தது. பாடலின் அருமையும் அது மறவாது பேணப்பட்டமையும் ஒன்றோடொன்று தொடர்புடையன.

பாடுவோரும் ஏற்போரும்

மட்டக்களப்பின் விழாப் பாடல்கள் பெரும்பாலும் தனித்துப் பாடப்படுவன அல்ல. வசந்தன் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். கையிற் கோல் ஏந்திய இளைஞர் வட்டமாக நின்று, ஒருவர் கோலை ஒருவர் கோலோடு தட்டி ஆட, அண்ணாவியார் மத்தளம் முழக்கிப் பாட்டை எடுத்துக்கொடுப்பார். ஆடுவோர் அதனைத் திருப்பிப் பாடுவர். தெய்வ வணக்கம், இதிகாச நிகழ்ச்சிகள், வேளாண்மைத் தொழிலின் படிநிலைகள் எனப் பல பொருள்களில் வசந்தன் பாடல்கள் அமைந்துள்ளன. அவை யாவற்றிலும் பாட்டின் நிறைவு எடுத்துக்கொடுப்பவரிடம் இல்லை. அதனை ஏற்போரிடமே உள்ளது. கோல் தவறினால் பாட்டுத் தவறும். பாட்டுத் தவறினால் கோல் தவறும்.

கொம்பு விளையாட்டில் இவ்வேற்பு எதிர்ப்பாக மாறுகின்றது. ஊர் வடசேரி, தென்சேரி என இரு பிரிவாகப் பிரிந்து, வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு கட்டி இழுக்கும். எவருடைய கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவராவர். வென்றோர் மகிழ்ச்சிப் பாடலும் தோற்றோரை எள்ளும் வசைப் பாடலும் பாடுவர். இவ்விரு சேரிகளும் கோவலன் பக்கமும் கண்ணகி பக்கமுமாகக் கருதப்பட்டன. ஒரே குடும்பத்தினர் இரு சேரிகளிலும் நின்றமையும் உண்டு. ஆண்டு முழுவதும் மனத்தில் அடங்கிக் கிடந்த மனத்தாங்கல்களுக்கு ஒரு நாள் பாட்டாக வெளிப்பட இடமளித்துப் பின்னர் அவற்றைக் கண்ணகியின் முன்னிலையிற் குளிரச் செய்யும் சமூக ஏற்பாடாக இதனைக் கொள்ளலாம். இங்குப் பாடல் நண்பருக்கு மட்டுமன்றி, எதிர்நிற்போர்க்கும் கொடுக்கப்பட்டது. அவரும் அதற்கு மறுபாட்டுக் கட்டிக் கொடுக்க வேண்டியவரானார்.

எல்லை கடந்த பாடல்

இப்பகிர்வு ஒரு சமயத்தாருள்ளோ ஓரினத்தாருள்ளோ அடங்கி நின்றதன்று. கொம்பு விளையாட்டை ஒத்த ‘அங்கெலிய’ என்னும் விளையாட்டுச் சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வ வழிபாட்டோடு இணைந்து வழங்கியது. கணநாத ஒபயசேகர 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் இச்சடங்குகளை விரிவாக ஆராய்ந்துள்ளார். தமிழ்க் கண்ணகியும் சிங்களப் பத்தினியும் ஒரே மரத்தின் இரு கிளைகள் என்பது அவ்வாய்வால் வலுப்பெறுகின்றது.

கிரானுக்குத் தெற்கே ஏறாவூரும் வடக்கே ஓட்டமாவடியும் முஸ்லிம் மக்கள் பெருகி வாழும் ஊர்கள். அம்மக்களிடையே விழாக்களிலும் திருமண வீடுகளிலும் ஆடப்படும் பொல்லடியை வசந்தனோடு ஒப்பிட்டு நோக்குவோர், கோலாட்ட வடிவமும் எடுத்துக்கொடுத்து ஏற்றுப் பாடும் முறையும் இரண்டிற்கும் பொதுவாதலைக் காண்பர். வணக்கத்துக்குரிய பொருள் வேறு. கோலின் ஓசை ஒன்று.

மட்டக்களப்பு நகரில் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் வரலாறும் இங்கு நோக்கத்தக்கது. போர்த்துக்கேய ஆட்சி 17ஆம் நூற்றாண்டில் முடிவுற்ற பின்னரும் அவர்தம் கிரியோல் மொழி இந்நகரில் நிலைத்தது. நத்தாரிலும் புத்தாண்டிலும் திருமணங்களிலும் அம்மொழிப் பாடல்கள் கபிரிஞ்ஞா இசையோடு பாடப்பட்டன. இலங்கைச் சிவில் சேவையில் இருந்த ஹியூ நெவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திரட்டிய கையெழுத்துப் பிரதிகளுள் மட்டக்களப்புப் போர்த்துக்கேயரின் பாடல்களும் உள்ளன. அவை இன்று பிரித்தானிய நூலகத்திற் பேணப்படுகின்றன. பேசுவோர் தொகை சுருங்கிய மொழியொன்று விழாப் பாடலையே தன் கடைசிப் புகலிடமாகக் கொண்டது எனின், அது மிகையாகாது.

ஏடும் அச்சும்

வாய்மொழியாகவே வழங்கிய பாடல்களும், ஏட்டில் எழுதிப் பேணப்பட்ட பாடல்களும் இப்பிரதேசத்தில் அருகருகே நிலவின. வழக்குரை போன்ற நெடும்பாடல்கள் ஏட்டில் இருந்தன. ஒரு கோயிலின் ஏடு பழுதுற்றால் மற்றொரு கோயிலின் ஏட்டைப் பார்த்துப் படியெடுப்பர். படியெடுப்போன் தன் ஊரின் வழக்கை அறியாமலே ஏட்டினுட் புகுத்துவான். ஆகவே ஏடும் ஒருவகையில் வாய்மொழியைப் போன்று ஊருக்கூர் வேறுபட்டே நின்றது.

அச்சு வந்தபோது நிலைமை மாறியது. யாழ்ப்பாணத்தவரான தி. சதாசிவ ஐயர் மட்டக்களப்பில் வித்தியாதரிசியாகக் கடமையாற்றியவர். அவர் திரட்டிய ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ 1940ஆம் ஆண்டில் வெளிவந்தது. உயர் இலக்கியப் பயிற்சியுடைய ஓர் அறிஞர் ஊர்ப்புறத்து ஆட்டப் பாடல்களை அச்சேற்றத் தக்கனவெனக் கருதியமை அக்காலத்தில் துணிவான செயலாகும். அதன்பின் 1962இல் எவ். எக்ஸ். சி. நடராசா மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்ற நூலையும், 1968இல் ‘கண்ணகி வழக்குரை’ப் பதிப்பையும் அளித்தார். அதே காலப்பகுதியில் இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராயிருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் அண்ணாவிமாரை ஒன்றுகூட்டி, கூத்து நூல்களையும் நாட்டுப் பாடல்களையும் வெளிக்கொணரும் பணியை முன்னெடுத்தார். பேராதனையில் அவர் மேடையேற்றிய கூத்துக்கள் ஊர்க்களரியின் பாடலையும் ஆட்டத்தையும் பல்கலைக்கழக மாணவரின் உடைமையாக்கின.

இப்பணிகள் இல்லையேல் பெருந்தொகையான பாடல்கள் மறைந்தொழிந்திருக்கும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய பெருஞ்சூறாவளி எத்தனையோ வீடுகளையும் அவற்றினுள் இருந்த பொருள்களையும் அழித்தது. ஓலையும் கூரையும் ஒருங்கே காற்றிற் பறந்த அந்நிலையில், அச்சிட்ட நூல் எங்கோ ஒரு நூலகத்திற் பாதுகாப்பாக இருந்தமையின் பயனை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் அச்சு காக்காதவற்றையும் நாம் கருதுதல் வேண்டும். வசந்தன் பாடலின் சொல்லை நூல் தருகின்றது. மெட்டையும் தாளக்கட்டையும் அது தருவதில்லை. எந்த அடியிற் கோல் தட்டுவது, எங்கே ஆட்டம் திரும்புவது என்பன அண்ணாவியாரின் காதிலும் காலிலும் வாழ்வன. பல பாடங்களுள் ஒன்றைத் தெரிந்து அச்சிடும்போது ஏனைய ஊர்களின் பாடங்கள் ‘பிழை’ என்ற பெயரைப் பெற்றுவிடுகின்றன. வசைப் பாடலோ அச்சின் முன் கூசி நிற்பது. ஓர் இரவின் ஆரவாரத்துக்குள் எவரையும் புண்படுத்தாத சொல், தாளில் நிலைபெறும்போது பழியாகத் தோன்றும். இவ்வாறு அச்சு பாட்டைக் காத்தது. பாடும் சூழலைக் காத்திலது.

ஓர் ஒப்புமை

பிற நாட்டு விழாப் பாடலொன்றின் வரலாறு இவ்விடயத்தைத் தெளிவுபடுத்த உதவும். ஓஸ்திரியாவின் ஓபண்டோர்வ் என்னும் சிற்றூரில் 1818ஆம் ஆண்டு நத்தார் முன்னிரவில், யோசெவ் மோர் என்ற குருவானவர் இயற்றிய பாடலுக்கு ஆசிரியரான பிரான்ஸ் குருபர் இசையமைக்க, இருவரும் அதனைப் பாடினர். ‘அமைதியான இரவு’ எனப் பொருள்படும் தொடக்கத்தையுடைய அப்பாடல் ஓகன் திருத்துவோர் ஒருவர் வழியாக மலைநாட்டுப் பாடகக் குடும்பங்களை அடைந்தது. அவர்கள் வழியே பல நாடுகளுக்கும் சென்றது. பகிரப்படும் வேகத்தில் இயற்றியோர் பெயர் மறைந்தது. பெரும் இசையறிஞர்களின் ஆக்கமாகவும் அது கருதப்பட்டது. 1854ஆம் ஆண்டிலேயே குருபர் அதன் தோற்றத்தை எழுத்தில் விளக்க நேர்ந்தது.

மட்டக்களப்பின் விழாப் பாடல்கள் பலவற்றுக்கும் ஆசிரியர் பெயர் தெரியாது. குருபரைப் போல எழுதி வைக்கும் வாய்ப்பு இங்குள்ள புலவர்க்கு வாய்க்கவில்லை என்று வருந்தலாம். ஆனால் இரு வரலாறுகளிலும் ஒரு பொதுமை உண்டு. பாடல் பரவியது அதனைப் பாடியோர் அதைத் தம்முடையதாகக் கருதியமையினாலாகும். வேறுபாடும் உண்டு. ஓபண்டோர்வின் பாடல் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே மெட்டில் நிலைபெற்றது. வாவிக்கரையின் பாடல் ஊர்தோறும் வேறாகி நின்றது. அவ்வேறுபாடு குறையன்று, ஒவ்வோர் ஊரும் தன் குரலை அதிற் சேர்த்தமைக்குச் சான்று.

போர்க்காலமும் அதன் பின்னரும்

1980களிலிருந்து 2009 வரை நீடித்த போர் இப்பகிர்வு முறையின் அடித்தளத்தையே தாக்கியது. விழாப் பாடலின் காலம் இரவு. போரோ இரவை ஊரடங்குக்கு உரியதாக்கியது. அதன் இடம் ஊர் முன்றல். மக்களோ 1990இலும் பின்னரும் மீண்டும் மீண்டும் ஊர்விட்டுப் பெயர்ந்தனர். 2006, 2007ஆம் ஆண்டுகளில் கிரானுக்கு மேற்கேயும் வாகரைப் பகுதியிலும் நிகழ்ந்த போர் பல ஊர்களை வெறுமையாக்கியது. இதற்கிடையில் 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்தது. வசந்தன் ஆட்டத்துக்கு வேண்டிய இளைஞர் ஓரிடத்தில் இல்லாதபோது, நூல் இருந்தும் பாட்டு இல்லையாயிற்று. ஏற்போர் இன்றி எடுத்துக்கொடுப்போரால் யாது செய்ய இயலும்?

இக்காலத்தின் மறுபக்கத்தையும் சுட்டுதல் நேர்மையாகும். வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. பேராசிரியர் சி. மௌனகுரு தம் ஆய்வாலும் அரங்கப் பணியாலும் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களுக்குக் கல்வியுலகில் உறுதியான இடத்தைத் தேடித் தந்தார். 2000களின் தொடக்கத்திலிருந்து சி. ஜெயசங்கர் முதலியோர் சீலாமுனையில் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கப் பணி வேறொரு வழியைக் காட்டியது. கூத்தை ஊரிலிருந்து பெயர்த்துப் பிறிதொரு மேடையில் வைப்பதற்குப் பதிலாக, ஆடுவோரும் காண்போருமாகிய ஊரவரே கூடிப் பேசித் தமக்குரியதை மறுபடி ஆக்கிக்கொள்வது அப்பணியின் உள்ளீடு. கொடுப்போரும் ஏற்போரும் ஒரே களரியில் மீண்டும் சந்திக்கும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று.

2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் கணினி வழியே எவரும் படிக்கத் தந்துள்ளது. ஊரில் நிகழும் சடங்கைக் கைப்பேசியிற் பதிவுசெய்து கடல் கடந்த உறவினர்க்கு அனுப்புதல் இன்று இயல்பாகிவிட்டது. அச்சு தராத மெட்டையும் தாளத்தையும் கோலின் ஓசையையும் இவ்வொலி ஒளிப் பதிவு தருகின்றது என்பது பெரும் பேறு. எனினும் புதிய ஊடகத்துக்கும் அதற்குரிய குறை உண்டு. அது கேட்போரைப் பெருக்குகின்றது. ஏற்றுப் பாடுவோரைப் பெருக்குவதில்லை. ஆண்டில் ஒருமுறை திறக்கும் கதவின் முன் கேட்ட குளிர்த்தியை எந்நாளும் எந்நேரமும் கேட்கலாம் என்றாகும்போது, அடுத்த வைகாசிவரை அதனை நெஞ்சில் நிறுத்தவேண்டிய தேவையும் தளர்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மட்டக்களப்பின் விழாப் பாடல்களை இதுவரை காத்தது தொகுப்பு மட்டுமன்று, பகிர்வே என்பது பெறப்படும். தொகுப்பவர் பாடலைப் பெறுகின்றார். பகிர்பவர் அதனைக் கொடுத்து மறுபாட்டை எதிர்பார்க்கின்றார். சதாசிவ ஐயரும் கந்தையாவும் வித்தியானந்தனும் ஆற்றிய தொகுப்புப் பணிக்குத் தமிழுலகம் கடமைப்பட்டுள்ளது. அப்பணியின் பயன் முழுமையடைவது, அந்நூல்களிலுள்ள பாடல்கள் அவை பிறந்த ஊர்களுக்கே மீண்டும் சென்று, அங்குள்ள இளைஞரின் வாயில் மாறியும் வளர்ந்தும் வழங்கும்போதேயாகும்.

வாவிக்கரை ஊர்களிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர் இவ்விடயத்தில் ஆற்றக்கூடிய பணி பெரிது. முதிய அண்ணாவிமாரும் சடங்குப் பாடகரும் உள்ளபோதே அவர்தம் மெட்டுக்களைப் பதிவுசெய்தல் முதற் பணி. ஒரே பாடலுக்கு ஊர்தோறும் உள்ள வேறுபாடுகளைப் பிழையெனத் தள்ளாது அருகருகே குறித்து வைத்தல் இரண்டாவது. பதிவுசெய்ததைப் பாடியவரின் ஊருக்கே கொண்டுசென்று கேட்பித்து, அங்கு எழும் திருத்தத்தையும் மறுபாட்டையும் பெற்றுக்கொள்ளுதல் மூன்றாவது. மூன்றனுள் தலையாயதும் அதுவே.

கிரானின் மேற்கே வெள்ளம் வடிந்து, நெல் விளைந்து, அறுவடை முடிந்தபின் சித்திரை வருகின்றது. ஊஞ்சற் கயிற்றை எவரும் தமக்கென வைத்திருப்பதில்லை. ஒருவர் இறங்க மற்றவர் ஏறுவர். ஆட்டிவிடுவோர் இல்லாத ஊஞ்சல் சிறிது நேரத்தில் நின்றுவிடும். விழாப் பாடலின் நிலையும் அத்தகையதே.